சம்பந்தமில்லாத மனிதர்

"இதுல என்னால கையெழுத்துப் போட முடியாது, தலைவரே" என்று டுவைட் கங்காஸ் பேனாவை மூடி மேஜையில் வைத்தார்.

ஆர்லன் டோஸ்ட்ரூட் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். கோர்ட் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் கவுண்டியின், அதாவது அந்த மாவட்டத்தின், நிதிக்குழுக் கூட்டம் தொடங்கி நாலு நிமிடம்தான் ஆகியிருந்தது. குழுவில் நாலு பேர். வேலை ஒன்றே ஒன்று. ஜெயிலிலிருந்து வெளியே வருகிறவர்கள் தங்கும் பிர்ச் தெரு வீட்டுக்கு மாநில அரசின் பணத்தை இந்த வருடமும் கொடுக்கலாமா, வேண்டாமா என்று ஓட்டுப் போட வேண்டும். குறைந்தது மூன்று பேராவது போட வேண்டும். நண்பகல் பன்னிரண்டுக்குள் போடாவிட்டால் பணம் தலைநகருக்கே திரும்பிப் போய்விடும். இப்போது மணி பத்து நாற்பது.

"ஏன் முடியாது? சாதாரண உறுதிமொழிதானே? 'மனு கொடுத்தவர்களோடும் அவர்கள் பொறுப்பில் இருப்பவர்களோடும் எனக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை.' அவ்வளவுதான்."

"சம்பந்தம் இல்லையா! முப்பது வருஷம் போலீஸ்ல இருந்தவன் நான். இப்ப அந்த வீட்டுல இருக்கற ஆறு பேர்ல ரெண்டு பேருக்கு விலங்கு மாட்டினதே நான்தான். ஒருத்தன் என் சட்டையையே கிழிச்சான். அதைவிட நெருக்கமான சம்பந்தம் என்ன வேணும்?"

இந்தக் கையெழுத்துச் சடங்கு பத்து வருடமாக நடந்ததே இல்லை. குழுவின் தலைவராக ஆர்லன் வந்த பிறகுதான் வந்தது. ஊரில் யாரும் புரட்டாத விதிப்புத்தகத்தை அவர் கிறிஸ்துமஸ் விடுமுறையில் அட்டை முதல் அட்டை வரை படித்தார். பத்தொன்பதாம் பக்கத்தில் இந்த உறுதிமொழியைக் கண்டுபிடித்து, தம் கைக்காசில் நாலு நகல் எடுத்துக்கொண்டு வந்திருந்தார்.

அவர் சுபாவம் அப்படி. நாற்பது வருடம் கவுண்டியின் நில அளவையாளர். வேலித் தகராறில் இந்தப் பக்கத்து வீட்டில் ஒரு வாய் காபி குடித்தால் அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் அளவு தப்பு என்பார். அதனால் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடமே, யார் வீட்டிலும் எதையும் வாயில் வைப்பதில்லை என்று முடிவு செய்தார். ஓய்வு பெற்று ஏழு வருடமாகியும் அந்த முடிவை மாற்ற அவருக்குத் தோன்றவில்லை. கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. அதற்கும் யார் வீட்டிலாவது போய்க் காபி குடிக்க வேண்டியிருக்கும்.

"சரி, டுவைட். நீங்க வெளியில போய் உட்காருங்க" என்றார். "மூணு பேர் இருக்கோம். போதும்."

"மூணு இல்ல, ரெண்டு" என்றாள் கொரீன். கடைத்தெருவில் ரொட்டிக்கடை வைத்திருப்பவள். "அந்த வீட்டு ஆளுங்க ரெண்டு பேர் என் கடையிலதான் மாவு பிசையறாங்க. அவங்க இல்லன்னா நாளைக்கு இந்த ஊருக்கு ரொட்டி கிடையாது. நானும் வெளிய போகட்டுமா?"

ஆர்லனுக்குக் காது சிவந்தது. சுவரோரம் உட்கார்ந்திருந்த ரோண்டா பெல்லஞ்சர் எழுந்து நின்றாள். பிர்ச் தெரு வீட்டை நடத்துகிறவள் அவள்தான். பக்கத்தில் வெண்டெல். நெடுநெடுவென்று வளர்ந்து தோளில் கூன் விழுந்த, நரைத்த தாடிக்காரர். மூன்று மாதமாக அந்த வீட்டில் இருக்கிறார். காபிப் பாத்திரத்தையும் எலுமிச்சைக் கேக் தட்டையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்.

"சார், இதுக்காக மனுவைத் தள்ளிடாதீங்க" என்றாள் ரோண்டா. "வெள்ளிக்கிழமை காலையில ஒருத்தர் ஜெயில்லேர்ந்து வெளிய வர்றாரு. எட்டு வருஷம் உள்ள இருந்தவரு. ஏழாவது கட்டிலுக்கு விரிப்பெல்லாம் மாத்தி வச்சிட்டேன். பணம் வரலன்னா இந்த மாசத்தோட வீட்டைப் பூட்டணும். வர்றவரு மட்டுமில்ல, இருக்கற ஆறு பேரும் தெருவுலதான். வெளிய மைனஸ் இருபத்தி ரெண்டு டிகிரி குளிர்."

"தள்ளற எண்ணமே எனக்கு இல்லம்மா" என்றார் ஆர்லன். அது உண்மை. மனுவை அவர் மூன்று முறை படித்திருந்தார். அந்த வீட்டில் தங்கிப் போன முப்பத்தொரு பேரில் மூன்று பேர்தான் மறுபடி ஜெயிலுக்குப் போனார்கள் என்ற வரியை அடிக்கோடும் இட்டிருந்தார். "முறையா கொடுக்கணும்னு பார்க்கறேன். அவ்வளவுதான்."

கொஞ்சம் யோசித்தார். பிறகு முகம் மலர்ந்தது. பெரிய நிலத்தில் சிக்கல் இருந்தால் அதைத் துண்டு போட்டு அளப்பதுதான் அவர் தொழிலில் வழக்கம்.

"மனுவை மூணாப் பிரிச்சிடுவோம். தங்கறதுக்குக் கட்டில், அது ஒண்ணு. குற்றத்தால பாதிக்கப்பட்டவங்களுக்கு நடக்குதே செவ்வாய்க்கிழமைக் கூட்டம், அது ஒண்ணு. பையன்க வழி தவறிப் போகாம இருக்க சாயங்காலம் நடத்தற ஹாக்கி ஒண்ணு. தனித்தனியா ஓட்டு. எதுல சம்பந்தம் இல்லையோ அதுல உள்ள வந்து உட்காருங்க."

"ஹாக்கி சொல்லிக் கொடுக்கறதே நான்தானே" என்றார் டுவைட் வாசலில் நின்றபடி.

"அதுல விளையாடறது என் பேரன்க ரெண்டு பேர்" என்றாள் பெவ்.

பெவ் குழுவின் நாலாவது ஆள். முடி அலங்காரக் கடைக்காரி. ஆர்லனோடு பள்ளியில் ஒரே வகுப்பில் படித்தவள். அதுவரை ஒரு வம்பும் பண்ணாமல், முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"பெவ்! நீ சம்பந்தம் இல்லன்னு கையெழுத்துப் போட்டிருக்கியே!"

"கட்டிலைப் பத்தித்தான் கேக்கறேன்னு நினைச்சேன்ப்பா. பேரனைப் பத்தி எவன் கேட்டான்?" என்று பேனாவை எடுத்துத் தன் கையெழுத்தை அடித்தாள். அடித்த பிறகும் பேனாவைக் கீழே வைக்கவில்லை. "செவ்வாய்க்கிழமைக் கூட்டத்துக்கும் நான் போறேன்" என்றாள்.

கொரீன் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினாள்.

"போன வருஷத்துக்கு முந்தின வருஷம் என் கடையை உடைச்சாங்கல்ல. போனது பெரிசில்ல. கண்ணாடி அத்தனையும் நொறுக்கிட்டுப் போனான் பாரு, அதான். ஆறு மாசம் எனக்குத் தூக்கம் இல்ல. வாசல்ல மணி அடிச்சா கத்திரி கையிலேர்ந்து விழும். அங்க போய் உட்கார்ந்து அழுதேன். அவங்க கூட உட்கார்ந்திருந்தாங்க. யாரும் ஒண்ணும் சொல்லல. சரியாயிடுச்சு."

"பெவ், என் தங்கச்சியும் அங்கதான் போறா" என்றாள் கொரீன் மெதுவாக. "நீயும் போறேன்னு அவ சொல்லவே இல்லையே."

"சொல்லக்கூடாதுன்னுதான் அங்க விதி."

இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். ஆர்லனுக்கு அவர்களைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. காகிதத்தைப் பார்த்தார். கட்டிலில் டுவைட், கொரீன். கூட்டத்தில் கொரீன், பெவ். ஹாக்கியில் டுவைட், பெவ். மூன்று துண்டிலும் இரண்டிரண்டு பேர் அவுட். பிரிப்பதற்கு முன்னால் இரண்டு பேர்தான் போயிருந்தார்கள். பிரித்ததில் மூன்றாவது ஆளும் போய்விட்டாள்.

மணி பதினொன்று ஐந்து.

ஆனாலும் விதிப்புத்தகத்தை முழுசாகப் படித்தவர் அவ்வளவு சுலபத்தில் கலங்கிவிடுவாரா? இருபத்தொன்றாம் பக்கத்தில் இன்னொரு வழி இருந்தது. அவசரத்துக்குக் கவுண்டியின் வாக்காளர் யாரையும் தற்காலிக உறுப்பினராகத் தலைவர் நியமிக்கலாம். இரண்டு பேர் கிடைத்தால் போதும். ஆர்லன் கோட்டை மாட்டிக்கொண்டு படியேறினார்.

முதலில் ஓட்டுநர் உரிமம் கொடுக்கும் கவுன்ட்டரில் இருந்த பெண்ணிடம் போனார்.

"பிர்ச் தெரு வீடா? தாராளமா ஓட்டுப் போடறேனே! என் புள்ள அங்கதான் கோல்கீப்பர். அதுக்கு முன்னாடி அவன் எங்க சுத்தினான்னு எனக்குத்தானே தெரியும்."

"அப்ப வேண்டாம்மா. நன்றி."

பனி தள்ளும் வண்டியின் டிரைவர் கூடத்தில் நின்று பூட்ஸைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"எங்க அம்மா வீட்டு வாசல்ல அந்த ஆளுங்கதான் பனி தள்ளுறாங்க. நான் ஊர் ரோட்டையெல்லாம் தள்ளப் போயிடறேன்ல. காசு கொடுத்தா வாங்க மாட்டேங்கறாங்க, சார். என் ஓட்டு அவங்களுக்குத்தான். எங்க போடணும்?"

"நீங்க போடக் கூடாது."

"ஏன்?"

"நீங்க போடணும்னு நினைக்கறதாலதான்."

அபராதம் கட்ட வரிசையில் நின்ற ஒரு சிவப்புத் தொப்பிக்காரரைக் கேட்டார். "நானே போன வருஷம் வரைக்கும் அங்கதான் இருந்தேன்" என்றார் அவர். "இது வேகமா ஓட்டினதுக்கு, சார். வேற எதுக்கும் இல்ல. ரோண்டாகிட்ட சொல்லிடாதீங்க."

ரோண்டாவிடம் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆர்லன் திரும்பிக் கீழே இறங்கியபோது, ஓட்டுப் போட ஏன் விடமாட்டேன் என்கிறார் என்று தெரிந்துகொள்ள மூன்று பேருமே பின்னால் வந்துவிட்டார்கள். வழியில் இன்னும் ஐந்தாறு பேர் சேர்ந்துகொண்டார்கள். தாழ்வாரத்தில் கூட்டம். வெண்டெல் எல்லோருக்கும் காபி ஊற்றிக்கொண்டிருந்தார். தொப்பிக்காரரை ரோண்டா காதைத் திருகாத குறையாக விசாரித்துக்கொண்டிருந்தாள். டுவைட் தன் சட்டையைக் கிழித்த கதையை நடித்துக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள்.

அறைக்குள் ஆர்லன் மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தார். கதவு திறந்தே இருந்தது. ஊர் முழுவதும் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று கேக் தின்றுகொண்டிருப்பதாக அவருக்குத் தோன்றியது.

மணி பதினொன்று இருபத்தைந்து. கவுண்டி வக்கீல் யூனிஸுக்குப் போன் போட்டார். யூனிஸ் அன்று லீவு. உறைந்த ஏரியின் மேல் குடிசை போட்டு மீன் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"சீக்கிரம் சொல்லுங்க, ஆர்லன். இப்பத்தான் கடிக்க ஆரம்பிச்சிருக்கு."

அவர் சொன்னார். துண்டு போட்டதையும் மாடிக்குப் போனதையும் விடாமல் சொன்னார். மற்றவர்களும் உள்ளே வந்து மேஜையைச் சுற்றி நின்றார்கள். போனை எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார்.

"இதுக்கா இவ்வளவு கலவரம்?" என்று யூனிஸ் சிரித்தாள். "இந்த மாதிரி சின்ன ஊருக்குன்னே ஒரு விதி இருக்கு. குழுவுல இருக்கற எல்லாருக்குமே சம்பந்தம் இருந்தா, அப்புறம் யாரைத் தள்ளி வைக்கறது? உறுதிமொழி வேண்டாம். அவங்கவங்க சம்பந்தத்தை எழுதிக் கொடுத்துட்டு எல்லாரும் ஓட்டுப் போடலாம்."

"அப்பாடா!" என்று ரோண்டா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"உங்க நாலு பேருக்கும் இருக்குல்ல?"

"மூணு பேருக்கு இருக்கு" என்றார் ஆர்லன்.

"நாலாவது யாரு?"

"நான்."

யூனிஸ் தூண்டிலைக் கீழே வைக்கும் சத்தம் போனில் கேட்டது.

"அப்ப கஷ்டம்தான், ஆர்லன். ஒருத்தர் சுத்தமா இருந்தாக்கூட அந்த விதி செல்லாது."

"நான் சுத்தமா இருக்கறது குத்தமா?"

"குத்தம்னு சொல்லல. இடைஞ்சல்னு சொல்றேன். பெரிசா ஒண்ணும் வேண்டாம். அந்த வீட்டுல இருக்கற யாராவது ஒருத்தர் வாழ்க்கையை நீங்க எப்பவாவது, எந்த வகையிலாவது தொட்டிருந்தா போதும். யோசிங்க. ஆனா பொய் எழுதிடாதீங்க. கையெழுத்துப் போடற காகிதம். பன்னெண்டுக்குள்ள கூப்பிடுங்க... ஐயோ, தூண்டில்!" போன் அணைந்தது.

காலையில் யாருக்காவது சம்பந்தம் இருக்குமோ என்று பயந்துகொண்டு வந்த மனிதர், இப்போது தனக்கு ஒரு சம்பந்தம் கிடைக்காதா என்று தேட ஆரம்பித்தார்.

"சொந்தத்துல யாராவது ஜெயிலுக்குப் போயிருக்காங்களா?" என்று கேட்டார் டுவைட், பழைய உத்தியோகக் குரலில்.

"எனக்கு இருக்கறதே ஒரு தங்கச்சிதான். அவ புருஷன் பல் டாக்டர்."

"அவர் மேல ஏதாவது?"

"ஒண்ணுமில்ல. ஒண்ணுவிட்ட அண்ணன் ஒருத்தர் தோணியைத் திருடிட்டார்னு ஒரு தடவை பேச்சு வந்தது. அப்புறம் பார்த்தா இரவல் வாங்கினதைத் திருப்பிக் கொடுக்கப் போயிருக்கார்."

"என்ன குடும்பம்யா உங்களது! நான் மட்டும் இன்னும் வேலையில இருந்தா, உங்களை ஏதாவது ஒண்ணுல பிடிச்சு உள்ள போட்டு உதவி பண்ணியிருப்பேன்."

"ஏம்ப்பா, உன் வீட்டுல திருடு போனதே இல்லையா?" என்றாள் பெவ். "ஒரு தடவைகூட?"

"நான் எப்பவும் பூட்டி வச்சிருப்பேன்."

"பூட்டுக்குப் பயந்து யாரும் வராம இல்ல. அளவுச் சங்கிலியைத் தவிர உன் வீட்டுல என்ன இருக்கு?"

திடீரென்று ஆர்லன் துள்ளி எழுந்தார். "இடம்! அந்த வீட்டு இடத்தை அளந்தது நானாத்தானே இருக்கணும்! இந்த ஊர்ல நான் அளக்காத மனை ஏது?"

மாடியிலிருந்து பத்திரத்தின் நகல் வந்தது. எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். கடைசியாக அளந்தது அவருக்கு முன்னால் இருந்த அதிகாரி. அதற்குப் பிறகு அந்த மனையில் ஒரு தகராறும் வரவில்லை.

"அந்தத் தெருவுல யாருக்கும் சண்டை போடத் தெரியாதா!" என்று ஆர்லன் கத்தினார். அவர் கத்தி யாரும் கேட்டதில்லை.

கண் எலுமிச்சைக் கேக் தட்டின் மேல் விழுந்தது. இந்த ஊர் வழக்கப்படி கடைசித் துண்டை யாரும் எடுக்காமல், ஆளாளுக்குப் பாதிப் பாதியாக வெட்டிவிட்டுப் போயிருந்தார்கள். மிச்சம் விரல் அகலத்துக்கு ஒரு துணுக்கு. அதை எடுத்து வாயில் போட்டு, வெண்டெல் ஊற்றித் தந்த காபியையும் ஒரே மூச்சில் குடித்தார். நாற்பத்தேழு வருடத்துக்குப் பிறகு அடுத்தவர் கொடுத்த காபி. சூடு தாங்காமல் கண்ணில் நீர் வந்தது. போனை எடுத்தார்.

"யூனிஸ், அவங்க கொடுத்த கேக்கைத் தின்னுட்டேன். காபியும் குடிச்சேன்."

"கூட்டம் ஆரம்பிச்ச பிறகு தின்னது செல்லாது, ஆர்லன். நேத்தே தின்னிருக்கணும்."

நேற்று யார் தந்திருந்தாலும் அவர் தின்றிருக்க மாட்டார். அது அவருக்கே தெரியும்.

பதினொன்று ஐம்பது. அறையில் சத்தம் அடங்கிவிட்டது. தாழ்வாரத்தில் நின்றவர்கள்கூடக் கிசுகிசுப்பாகத்தான் பேசினார்கள். ரோண்டா மடியில் கையைக் கோத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் திட்டியிருந்தால் ஆர்லனுக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

"ரோண்டா, வெள்ளிக்கிழமை வர்றவருக்குச் சொந்தக்காரங்க யாரும் இல்லையா?"

"இருந்தா என்கிட்ட ஏன் சார் வர்றாரு?"

அவருக்கு வெட்கமாக இருந்தது. எட்டு வருடம் ஜெயிலில் இருந்த ஒருவருக்கும் தனக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வெளியே வந்தால் இந்த ஊரில் போய்க் கதவு தட்ட ஒரு வீடு இல்லை. தான் மட்டும் பூட்டிய வீட்டுக்குள் வசதியாக இருக்கிறோம், அவ்வளவுதான். அறுபத்தொன்பது வயதில், ஒரு கவுண்டி முழுவதும் தேடி, உனக்கு யாரோடும் எதுவும் இல்லை என்று சட்டப்படி உறுதியாவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது லேசான காரியம் இல்லை. இத்தனை நாளும் அதை நேர்மை என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

"ஏதாவது எழுதிடுங்க" என்றாள் கொரீன், தாழ்ந்த குரலில். "ஒரு நாள் பனியில கார் சிக்கிச்சு, அந்த வீட்டு ஆளுங்க தள்ளிவிட்டாங்கன்னு எழுதுங்க. யார் வந்து கேக்கப் போறாங்க?"

"என் கார் பனியில சிக்கினதே இல்ல."

"அதுவும் இல்லையா! கடவுளே!"

பதினொன்று ஐம்பத்து நாலு. ஆர்லன் புதுக் காகிதம் ஒன்றை முன்னால் இழுத்துக்கொண்டார். பேனாவைத் திறந்தார். வாழ்நாளில் ஒரு அங்குலத்தைக்கூடக் கூட்டியோ குறைத்தோ எழுதாத கை. 'போன டிசம்பரில் என் கார்' என்று எழுதியது. அதற்கு மேல் போகவில்லை. டுவைட் நாகரிகமாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பெவ் அவர் தோளில் கை வைத்தாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி பேனாவை ஊன்றினார்.

"சார்" என்று ஒரு குரல் கேட்டது.

வெண்டெல்தான். காலிக் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தவர், அவற்றை ஓரமாக வைத்துவிட்டு மேஜைக்கு எதிரே வந்து நின்றார். காலையிலிருந்து அந்த அறையில் அவர் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. இப்போதும் பேசலாமா என்று கேட்பதைப்போல ரோண்டாவை ஒரு முறை பார்த்துக்கொண்டார்.

"பொய் எழுத வேண்டாம், சார்" என்றார். "பதினாலு வருஷம் முன்னாடி, இதே கட்டடத்துல, ரெண்டாவது மாடியில, என் கேஸ்ல தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்த ஜூரி பன்னெண்டு பேருக்காகவும் எழுந்து நின்னு, என் முகத்தைப் பார்த்து 'குற்றவாளி'ன்னு படிச்சது நீங்கதான்."